ஐம்பதாம் வருஷம் தங்கம்

எங்கள் ஊர் செவ்வூரணியில் கல்யாணமான பெண்கள் வருஷத்துக்கு ஒரு நாள் பொருளாக மாற ஆரம்பித்து இது ஐந்தாவது வருஷம், அதற்காக இந்த ஊர் ஆச்சரியப்பட்டது மொத்தமே அரை நாள்தான், அந்த அரை நாளும் காபி யார் போடுவது என்ற கேள்வியிலேயே கழிந்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரைப் பற்றி நான் மரியாதையாக ஏதாவது சொல்லப்போகிறேன் என்று நினைத்து யாராவது உட்கார்ந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம். என் பெயர் சண்முகவடிவு. தபாலாபீஸில் முப்பத்தாறு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளாததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பொருளாகாமல் கிடந்து எல்லாவற்றையும் பார்த்துத் தொலைக்க ஊருக்கு ஒருத்தி வேண்டுமே, அது நானாகிவிட்டேன்.

ஆரம்பித்து வைத்தது காளிராஜன் அச்சாபீஸ் காலண்டர். எங்கள் பக்கம் காலண்டர் தொங்காத வீடு கிடையாது. தினம் ஒரு தாள் கிழிக்கிற அந்தக் காலண்டரின் அட்டைக்குப் பின்னால் பல்லி விழும் பலன், மனையடி சாஸ்திரம், கௌரி நல்ல நேரம் எல்லாம் பொடி எழுத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும், அந்த வருஷம் பல்லிக்குக் கீழே நாலு விரல் இடம் மிச்சம் விழுந்துவிட்டது. வெள்ளையாக விட்டால் ஊர் குறை சொல்லும் என்று காளிராஜன் கம்ப்யூட்டரில் தேடி, கல்யாண நாளுக்குப் பெண்டாட்டிக்குப் புருஷன் என்ன வாங்கித் தர வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் வைத்திருக்கும் பட்டியல் ஒன்றைப் பிடித்தார். முதல் வருஷம் காகிதத்தில் ஒரு பரிசு, புது வாழ்க்கை எழுதாத தாளாக இருப்பதால். இரண்டாம் வருஷம் பருத்தி, இரண்டு நூலும் பின்னிக்கொள்வதால். ஐந்தாம் வருஷம் மரம், வேர் பிடித்துவிட்டதால். பத்தாம் வருஷம் தகரம், வளைந்தாலும் உடையாததால். இருபத்தைந்தில் வெள்ளி, ஐம்பதில் தங்கம் என்று, பதினைந்து வரைக்கும் வருஷா வருஷமும் அதற்குமேல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையும் போகிற பட்டியல். இடம் போதவில்லை. காளிராஜன் பரிசு என்ற வார்த்தையை எடுத்தார், காரணம் சொல்கிற பத்தியை எடுத்தார், வருஷத்தையும் பொருளையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றத் தலைப்புகளோடு ஒத்துப்போகட்டும் என்று மேலே ‘மணநாள் பலன்’ என்று போட்டு அச்சில் ஏற்றிவிட்டார்.

பல்லி விழும் பலனுக்குக் கீழே வந்ததை இந்த ஊர் வேறு எப்படிப் படிக்கும்? தலையில் பல்லி விழுந்தால் கலகம், முதல் வருஷம் காகிதம். தோளில் பல்லி விழுந்தால் வெற்றி, பத்தாம் வருஷம் தகரம். பலன் என்று போட்டால் அது நடந்தாக வேண்டும். நடந்தது.

தை பிறந்து ஆறாம் நாள் வடக்குத் தெரு செல்போன் கடைக்காரனின் பெண்டாட்டி, அவளுடைய முதல் கல்யாண நாளன்று, சூரியன் கிளம்பும்போது பாயில் காகிதமாகக் கிடந்தாள். ஆள் அதே ஆள், மூக்கும் முழியும் அதே, ஆனால் காகிதம். மாமியார் அலறவில்லை. மின்விசிறியை நிறுத்தினாள், மருமகள் பறந்துவிடாமல் வயிற்றின் மேல் தோசைக்கல்லைத் தூக்கி வைத்தாள், காலண்டரைத் திருப்பிப் பார்த்து, “சரியாத்தான் போட்டிருக்கான்” என்றாள். பொழுது சாய்ந்ததும் மருமகள் பழையபடி ஆளாக எழுந்து, அதே தோசைக்கல்லை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக நடந்தது, எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. நாலாம் வருஷத்துப் பூக்களுக்கு ஈரத்துணி போர்த்தி ஆடு நுழையாமல் கதவைச் சாத்தினார்கள், ஆறாம் வருஷத்து இரும்புகளுக்குத் துருப்பிடிக்காமல் தேங்காய் எண்ணெய் தடவினார்கள், ஒன்பதாம் வருஷத்து மண்களைக் குழந்தைகள் தட்டிவிடாமல் மச்சில் ஏற்றினார்கள், பன்னிரண்டாம் வருஷத்துப் பட்டுகளை நாத்தனார்மார் விரலால் தேய்த்துப் பார்த்து அசல் பட்டு இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார்கள், இருபதாம் வருஷத்துப் பீங்கான்களைக் கூடத்தில் உட்கார்த்தி வைத்து வருகிறவர்களுக்குக் காட்டினார்கள். ஊர்ச்சங்கம் கூட்டம் போட்டது. என்னவோ ஏதோ என்று நானும் போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் பேசி, பெண்டாட்டி பொருளாகிற நாளில் சோறில்லாமல் தவிக்கிற புருஷன்களுக்குச் சங்கக் கட்டடத்தில் மூன்று வேளையும் சாப்பாடு போடுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் எழுதிக் கைதட்டிக் கலைந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டில் அப்பளம் உண்டா இல்லையா என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இருந்தது.

பெண்களையாவது நான் பாராட்டுவேன் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. வருஷத்தில் ஒரு நாள் அடுப்பில்லாமல், வாளி தூக்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் சும்மா கிடக்கலாம் என்று அவர்களுக்கு அது திருவிழாவாகிப் போயிற்று. எட்டாம் வருஷத்து வெண்கலமாகி மீண்ட ஒருத்தியிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். “எல்லாம் கேக்கும்க்கா, பார்க்கலாம், வாய் மட்டும் வராது. மத்த நாளுக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் இல்லக்கா, வேலை மட்டும் கெடையாது” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஒரு நாளில் பட்டது படத்தான் செய்யும் என்பது இரண்டாம் மாதமே தெரிந்துவிட்டது. ஐந்தாம் வருஷத்து மரமாகச் சுவரோரம் நின்ற பெண்டாட்டியின் தோளில் கிழக்குத் தெருக்காரன் ஒருவன் குளிக்கப் போகும்போது சட்டையை மாட்டினான், சட்டை நழுவுகிறது என்று ஒரு ஆணி அடித்தான். பொழுது சாய்ந்ததும் அவள் ஆணியோடு ஆளானாள். இன்றைக்கும் அவளுக்கு இடது கை முழுதாக மேலே போகாது. “ஆணி உள்ளயே நிக்கும்னு நான் கண்டேனா?” என்று அவன் டீக்கடையில் சொல்ல, நாலு பேர் தலையாட்டினார்கள்.

இதைக் கேட்டு அச்சாபீஸுக்கு ஓடியது காளிராஜன் ஒருவர்தான். அவர் ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்து வீடு வீடாகப் போட்டார்: அது பலன் இல்லை, பரிசு; அந்தந்த வருஷத்துக்கு அந்தந்தப் பொருளில் ஏதாவது ஒன்றைப் புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுக்க வேண்டும், பிழைக்கு வருந்துகிறோம். ஊரே அதில் சுண்டல் மடித்தது. டீக்கடை இசக்கி மட்டும் படித்துவிட்டு, தன் முதல் கல்யாண நாளுக்கு முந்தின சாயந்திரம் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிப் பெண்டாட்டி கையில் கொடுத்தான். மறுநாள் காலையில் அவள் காகிதமாகவில்லை. ஆளாகவே எழுந்து, அந்த நோட்டில் பால் கணக்கை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு நோட்டு, ஒரு கைக்குட்டை, ஒரு அகப்பை, ஒரு தகர டப்பா கொடுத்தால் போதும், ஆள் ஆளாகவே இருப்பாள் என்பது அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்தார்கள்? இசக்கியைப் பார்த்துச் சிரித்தார்கள். பெண்டாட்டி மரமாவதை, மண்ணாவதை, தகரமாவதை எல்லாம் சாதாரணமாக எடுத்துக்கொண்ட ஆம்பிளைகளுக்குக் கட்டின பெண்டாட்டி கையில் ஒரு பொருளைக் கொடுத்து ‘இந்தா, இது உனக்கு’ என்று சொல்வதுதான் நடக்கக்கூடாத அதிசயமாகத் தோன்றியது. “காதலிக்குக் கொடுக்கிற மாதிரி பொண்டாட்டிக்குக் கொடுப்பாகளா? வெக்கங்கெட்ட பய” என்றார் சங்கத் தலைவர். அவருடைய சம்சாரம் அந்த வருஷம் முத்து.

வெள்ளியில்தான் ஊரின் சுயரூபம் வெளியே வந்தது. இருபத்தைந்து வருஷம் ஆன ஒருத்தி வெள்ளியாக உட்கார்ந்திருந்தபோது அவள் புருஷன் அசலா என்று பார்க்க அவள் குதிகாலை அரத்தால் லேசாக ராவினான். உதிர்ந்த தூள் அசல் வெள்ளி. பொழுது சாய்ந்து அவள் ஆளான பிறகும் தூள் வெள்ளியாகவே இருந்தது, குதிகாலில் மட்டும் சதை காணாமல் போயிருந்தது. அவ்வளவுதான், இரண்டு வருஷத்தில் ஊரில் வெள்ளி கண்ட பெண்கள் அத்தனை பேரும் கெந்திக் கெந்தி நடந்தார்கள். அந்த ராவுதலுக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, பாத பூஜை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தாயின் குதிகால் வெள்ளியில் மகளுக்கு மெட்டி செய்து போடுவது கௌரவமாகிவிட்டது. குதிகாலோடு நிறுத்திக்கொண்டார்களே என்று யாரும் நல்ல பெயர் கொடுக்க வேண்டாம், வெள்ளிக்கு அதற்குமேல் மெனக்கெட அவர்களுக்கு மனமில்லை.

தங்கத்துக்குத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். நாலு வருஷமாக ஐம்பதைத் தொட்ட ஜோடி ஊரில் ஒன்றும் இல்லை, தொடப்போன இரண்டு ஜோடியிலும் கிழவர்கள் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்படியிருக்கும்போதுதான் என் பக்கத்து வீட்டு வெயிலுகந்தாள் அக்காவுக்கும் தீப்பெட்டி ஆபீஸில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அவள் புருஷன் சீனிச்சாமி அண்ணாச்சிக்கும் இந்த ஆவணி பத்தாம் தேதியோடு ஐம்பது வருஷம் என்று, அவர்கள் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த கல்யாணப் பத்திரிகையைப் படித்து ஊர் கண்டுபிடித்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அறுபத்தொன்பது வயது, ஒல்லி, பேச்சு குறைவு. மூன்று பிரசவத்தில் இரண்டு தங்கின. அண்ணாச்சி இந்த ஐம்பது வருஷத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, ‘இந்தா’ என்பார், அவள் வருவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், என்னிடம் மட்டும் கொல்லைப்புறம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவாள். எனக்கு இந்த ஊரில் பிடித்த ஒரே மனுஷி அவள்தான், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஆவணி ஏழாம் தேதியே கோயம்புத்தூரிலிருந்து மகன் செண்பகராஜும் மதுரையிலிருந்து மகள் தவமணியும் வந்து இறங்கினார்கள். அக்காவுக்கு டைபாய்டு வந்து பதினாறு நாள் கிடந்தபோது வர முடியாதவர்கள், பொங்கலுக்கு வர நேரமில்லாதவர்கள், மூன்று நாள் முன்னாடியே லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பேசும்போது காபி கொண்டு வந்து கொடுத்தது அக்காதான். நான் முருங்கைக்கீரை கொடுக்கிற சாக்கில் போய் நின்றுகொண்டிருந்தேன்.

“முழுசா ஒண்ணும் வேண்டாம்ப்பா, அது பாவம். இடது கை சுண்டுவிரல் மட்டும். இந்த வயசுல அம்மாக்கு அந்த விரல் என்ன வேலைக்கு ஆகுது?” என்றான் செண்பகராஜ்.

“அப்ப வலது சுண்டுவிரல் எனக்கு. மகன் மக எல்லாருக்கும் சமம்னு சட்டமே இருக்கு” என்றாள் தவமணி.

அண்ணாச்சி காபியை ஆற்றிக்கொண்டே, “கையில எதுக்குக் கை வைக்கிறீக? நாலு பேரு கண்ணுல படும். கால்ல பத்து கெடக்குல்ல” என்றார். ஐம்பது வருஷத்தில் அவர் பெண்டாட்டியின் உடம்பைப் பற்றிக் காட்டின அக்கறை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அக்கா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு உள்ளங்கால் எரிந்தது. தெருவில் வைத்து அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன். “அண்ணாச்சி, ஒரு மூக்குத்தி வாங்கி அக்கா கையில கொடுங்க. குந்துமணி அளவு போதும். அவ ஆளாவே இருந்துருவா.”

“ஏம்மா வடிவு, தபாலாபீஸ்ல குப்பை கொட்டுனவதான நீ? ரோசனை வேண்டாமா?” என்று அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “கொடுத்தா ஒரு மூக்குத்தி என் கைய விட்டுப் போகும். கொடுக்கலேன்னா வீட்டுக்குள்ளயே தங்கம். இதுல என்னத்தக் கேக்க வந்துட்ட?”

அக்காவிடம் போய், கிளம்பு, என் தங்கை வீடு தென்காசியில் இருக்கிறது, இரண்டு பேரும் பஸ் ஏறிவிடலாம் என்றேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, “பத்தாம் தேதி இங்கதான் இருக்கணும் வடிவு. யாரு யாரு வாராகன்னு பார்க்கணும்” என்றாள். பயத்தில் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

பத்தாம் தேதி விடியுமுன் ஊரே அந்த வீட்டில் இருந்தது. வாசலில் சங்கம் வைத்த ஃபிளக்ஸில் ‘பொன்விழா நாயகி’ என்று எழுதி அக்காவின் ரேஷன் கார்டு முகத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். தங்கம் கனம், நாற்காலி தாங்காது என்று கூடத்தின் நடுவில் கருங்கல் பலகை போட்டு, தவமணி எடுத்து வந்த பட்டுச்சேலையைக் கட்டி, விரல்கள் ஒட்டிக்கொள்ளாமல் விரித்து வைக்கச் சொல்லி அவளை உட்கார்த்தினார்கள். நகை செய்கிற ரத்தின ஆசாரி பொடிப்பல் ரம்பத்தையும், தூள் சிந்தாமல் பிடிக்க ஒரு வெள்ளை வேட்டியையும் கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சங்கத் தலைவர் தாய்மையைப் பற்றிப் பேசினார். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவசரமில்லாமல், ஒருவரையும் விடாமல்.

சூரியன் வந்தது. ஜன்னல் வழியாக வெயில் கூடத்தில் விழுந்து அவள் முழங்கால் வரை ஏறியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். ஒரு ஈ வந்து அவள் மூக்கில் உட்கார்ந்தது. அவள் கையைத் தூக்கி அதை ஓட்டினாள்.

“பொழுது நல்லா ஏறிருச்சே. எல்லாருக்கும் காபி போடவா?” என்று கேட்டாள்.

அந்தக் கூட்டத்தின் முகத்தைப் பார்க்க நான் இன்னும் நூறு வருஷம் இந்த ஊரில் குடியிருக்கலாம். முதலில் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு பத்திரிகையைப் பார்த்தார்கள், பிறகு காலண்டரைப் பார்த்தார்கள், கடைசியில் அவளைப் பார்த்தார்கள். காலண்டர் தப்பாக இருக்க முடியாது. பத்திரிகை தப்பாக இருக்க முடியாது. அப்படியானால் தப்பு யார் பேரில்? “அம்பது வருசமும் மனசுல வேற எவனையோ வச்சுக் குடும்பம் நடத்தியிருக்கா, அதான் பலன் கூடல” என்று ஒரு குரல் கிளம்பியது, மத்தியானத்துக்குள் அது ஊர் முழுக்க உண்மையாகிவிட்டது. ஆசாரி ரம்பத்தை வேட்டியில் சுருட்டிக்கொண்டார். தவமணி பட்டுச்சேலையை அவிழ்த்து வாங்கி, மடிப்புக் கலையாமல் பையில் வைத்துக்கொண்டாள். “மூணு நாள் லீவு போச்சு” என்று செண்பகராஜ் காரை எடுத்தான். அண்ணாச்சி காலண்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி, வீட்டுக்கு வந்த அவமானத்தை அவள் காலடியில் எறிகிற மாதிரி எறிந்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சரியாக வந்துவிட்டார்.

சாயந்திரம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தபோது நான் அழுதுவிட்டேன், சந்தோஷமா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை. அக்கா என் முதுகைத் தட்டினாள்.

“பத்தாம் தேதி எனக்குத் தாலி ஏறல வடிவு” என்றாள். “எங்கய்யா எட்டுப் பவுன் பேசி ஆறுதான் போட்டாரு. மாமனாரு மேளத்த நிப்பாட்டச் சொன்னாரு, இவரு மாலையக் கழத்தி மணவறையில போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. எங்கம்மா கழுத்துலயும் காதுலயும் கெடந்ததக் கழத்தி உருக்கி ரெண்டு பவுன் சேத்துக் கொண்டுபோய்க் கொடுத்த பெறகு, பதினெட்டாந் தேதி மாரியம்மன் கோயில்ல வச்சுக் கட்டுனாரு. மேளமில்ல, பந்தலில்ல, பத்துப் பேரு இல்ல. அந்த எட்டு நாளும் கட்டுன கூறைச்சேலையோட வீட்டுக்குள்ள இருந்தேன், அவுக்கவும் கூடாதுன்னுட்டாக, வெளிய போகவும் கூடாதுன்னுட்டாக.”

“அண்ணாச்சிக்கு ஞாபகமில்லையா?”

“அவுகளுக்கு எதுக்கு ஞாபகம்? காத்திருந்தது நானுல்ல.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னும் எட்டு நாளில், பதினெட்டாம் தேதி, இவள் தங்கமாவாள். கிழவருக்கு அதற்குள் ஞாபகம் வந்துவிட்டால் ரம்பம் திரும்பி வரும், இந்தத் தடவை சுண்டுவிரலோடு நிற்காது, அவமானப்பட்ட ஆத்திரத்தையும் சேர்த்து அறுப்பார்கள். தென்காசிக்குப் போவோம் என்று மறுபடி கெஞ்சினேன். பூட்டு போட்டு என் வீட்டிலாவது வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

“ஊருக்குப் போனா தேடுவாக. உன் வீட்டுக்கு வந்தா எட்டிப் பார்ப்பாக” என்றாள் அக்கா. “நான் அடுப்பங்கரையிலயே இருந்துக்கிறேன்.”

அதைவிட மோசமான யோசனையை நான் கேட்டதில்லை. அவள் வீட்டு அடுப்பங்கரைக்குக் கதவுகூடக் கிடையாது, கூடத்திலிருந்து நாலு எட்டு. எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணாச்சி தலையைச் சொறிந்தால் பயந்தேன், பத்திரிகையைப் பார்த்தால் பயந்தேன், கோயில் பக்கம் நடந்தால் பயந்தேன்.

பதினெட்டாம் தேதி காலையில் நான் கொல்லைப்புற வழியாக நுழைந்தபோது அவள் தங்கமாகிவிட்டிருந்தாள். அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில், தினமும் அரிசி களைய உட்கார்கிற அதே இடத்தில், சாயம்போன நூல் சேலையில், ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், கனத்தில் தரை ஒரு விரல் அமுங்கியிருந்தது. முகத்தின் சுருக்கம், கையில் அடுப்பு சுட்ட தழும்பு, வெடித்த குதிகால் எல்லாம் தங்கம். அந்தக் கரி பிடித்த அடுப்பங்கரை முழுக்க மஞ்சளாக ஒரு வெளிச்சம் நின்றது. அவ்வளவு அழகை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை, அது எனக்கு அழுகையைத்தான் கொண்டு வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் கையும் ஒரு தடவை அவள் காது மடலை நோக்கி நீண்டது, எதற்கு நீண்டதென்று எனக்கு நன்றாகத் தெரியும். தங்கக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஊரைக் காறித் துப்புகிற நானும் இந்த ஊர்க்காரிதான். கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, சுவரோரம் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

எட்டு மணிக்கு அண்ணாச்சி கூடத்திலிருந்து, “இந்தா, காபி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இந்தா!” என்றார். செருப்புச் சத்தம் வெளியே போயிற்று.

மத்தியானம் ஒரு மணிக்கு வந்தார். “இந்தா, சோறு.” செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது, பிறகு வெறுங்கால் சத்தம் அடுப்பங்கரையை நோக்கி வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. வாசற்படியில் நின்றது. அவருடைய கால் கட்டைவிரல் எனக்குத் தெரிந்தது, மிளகாய் நெடியில் தும்மிவிடாமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு எட்டு. தண்ணீர்ப் பானை அந்த ஒரு எட்டுக்குள்தான் இருந்தது, அவருக்குத் தாகம் என்பது தொண்டையைச் செருமியதிலேயே தெரிந்தது. தலையைக்கூட அவர் உள்ளே நீட்டவில்லை, மினுமினுப்பு மட்டும் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

“பித்தளையெல்லாம் வெளக்கிப் பளபளன்னு போட்டுட்டு எங்கயோ ஊர் மேயப் போயிட்டா” என்று தனக்குத்தானே சொன்னார். கட்டைவிரல் பின்வாங்கியது. செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்ச் சோடா வாங்கிக் குடித்தாரென்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குமேல் யாரும் வரவில்லை. வெயில் கொல்லைப்பக்கம் இறங்கி, அம்மியைத் தாண்டி, சுவரேறிப் போய்விட்டது. முதலில் அவள் இமை அசைந்தது, பிறகு நீட்டின கால் மடங்கியது. அக்கா மூச்சை இழுத்து விட்டாள். கை இரண்டையும் முகத்துக்கு நேரே பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள், பிறகு கால் விரல்களையும் பார்த்தாள்.

“இருபதும் இருக்கு வடிவு” என்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதோம்.

அவள் முகத்தைக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கும்போது அண்ணாச்சி கூடத்துக்கு வந்துவிட்டார். குரலில் ஒரு நாள் பட்டினி இருந்தது.

“காலையிலேர்ந்து எங்க போய்த் தொலஞ்ச?”

“எங்கயும் போகல. இங்கதான் இருந்தேன்.”

“மத்தியானம் வந்து பார்த்தேன். நீயும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“எல்லாம் அடுப்பங்கரையிலதான் இருந்துச்சு” என்றாள் அக்கா, அரிசியைக் களைந்துகொண்டே. “ஒரு எட்டு உள்ள வச்சிருந்தா எடுத்திருக்கலாம்.”

“நான் என்ன பொம்பளையா, அடுப்பங்கரைக்குள்ள வர்றதுக்கு?” என்று கேட்டுவிட்டு, சீனிச்சாமி அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போனார்.